ஸ்டேபிள் கிளையைக் காப்பாத்தப் படிப்பியுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கிளிநொச்சியில சொப்ட்வெயார் வேலை செய்யிறனான். போன காலபோக அறுவடை நேரம் ஒரு நெல் ஆலையில, நாங்கள் எழுதின பில் போடுற சொப்ட்வெயார் சாக்குக் கழிவைப் பிழையாக் காட்டுது எண்டு சொல்ல, எங்கட பெடியன் ஒருத்தன் அதைத் திருத்தி டெவலப் பிராஞ்சை (புது வேலையள் நடக்கிற கோட் கிளை) அப்பிடியே ஸ்டேபிளுக்குள்ள (பாவனைக்குக் குடுக்கிற உறுதியான கிளை) மேர்ஜ் பண்ணி, அதாவது சேர்த்துப்போட்டான், அரைகுறையா நிண்ட புது ரிப்போட்டும் சேர்ந்து போய் பில்லே வராமல் நிண்டுட்டுது, நாலு உழவு மெசின் நெல் மூட்டையோட வாசலில, வெயிலுக்க சனம். அந்த முகங்களை என்னால மறக்கேலாது.

அவசரத் திருத்தம் எண்டால் ஸ்டேபிள்ல இருந்தே தனிக் கிளை எடுக்கோணும், திருத்தி ஸ்டேபிளிலயே சேர்த்து டாக் (வெளியீட்டுக்கு அடையாளப் பேர்) போட்டிட்டு, மறக்காமல் டெவலப்புக்கும் கொண்டு போகோணும், இல்லாட்டி அடுத்த வெளியீட்டோட அதே பிழை திரும்பி வரும். (லினக்ஸ் இயங்குதளத்தின்ர கருவான கேர்னலை எழுதுறவை மறுவளம், முதல் மெயின்லைன் எண்ட பிரதான கிளையில சேர்ந்த திருத்தத்தைத்தான் ஸ்டேபிளுக்கு எடுப்பினம்.) ரெண்டு கிளையையும் ரெண்டு ஃபோல்டரில திறந்து வைக்க கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் (Git) சொப்ட்வெயாரில 2015இல இருந்தே வேர்க்ட்ரீ எண்ட வசதி இருக்கு.

வன்னியில கணினி படிப்பிக்கிற ஆக்களே, கொமிட் (மாற்றத்தைப் பதியிறது), புஷ் (அதைச் சேர்வருக்கு அனுப்புறது) எண்டதோட நிப்பாட்டாமல் இதையும் பிள்ளையளுக்குச் செய்து காட்டுங்கோ.

ஒரு வாசகர்,
கிளிநொச்சி