பத்திரமாக இருப்பதாக நான் சொல்லிவந்த பெட்டி

திருகோணமலை
12.07.2025

அன்பின் மச்சான்,

இங்கு எல்லாரும் நலம். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறக்கப்போகும் நேரத்தில் பதில் எழுதுகிறேன்; ஏச வேண்டியதையெல்லாம் ஏசி முடித்துவிட்டு மேலே வாசி. நெட்டையனின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் அவனே மூன்றாம் முறை பாயசம் கேட்டதைத் தவிர சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை.

இந்தக் கடிதம் உன் அமீகா கணினியைப் பற்றியது. 1997இல் நீ புறப்பட்டபோது என்னிடம் ஒப்படைத்த அந்த அமீகா 500ஐப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் "பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன், தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன், ஒரு நடுச்சாமத்தில் கோணேசர் மேல் சத்தியமும் செய்திருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறையாவது திறந்து பார்த்துவிட்டுச் சொன்னதுமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கூடத்துக்குள் முழங்கால் அளவுக்கு வந்தபோது, அலுமாரியின் மேல் போர்வையிலும் பொலித்தீனிலும் சுற்றி வைத்திருந்த அந்தப் பெட்டியில் ஒரு துளி தண்ணீர் படவில்லை என்பதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

இந்த வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்சாரம் போனதே, அன்று செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அலுமாரியைத் துப்புரவாக்கினோம். பொலித்தீனைப் பிரித்த என் மருமகன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இதுக்குள்ள பற்றரி இருக்கா?" என்பது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். இலத்திரனியல் படிக்கிற பிள்ளை. செத்த வீட்டுக்கு வந்தவன் போல என்னைப் பார்த்தான்.

அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினால் வருமே, உன் சின்னமாமா லண்டனிலிருந்து தனியாக அனுப்பிய ஏ501, 512 கிலோபைற் நினைவகப் பலகை, அதில்தான் கடிகாரமும் இருக்கிறது. தகரக் கவசத்தை நீக்கியதும் ஒரு வாசனை வந்தது, பழைய மீன்பெட்டிக்கும் சவர்க்காரத்துக்கும் இடைப்பட்ட ஒரு வாசனை. சுருட்டுத் துண்டின் பருமனில் மூன்று 1.2 வோல்ற் நிக்கல்-கட்மியக் கலங்களை ஒன்றாகச் சுற்றிய 3.6 வோல்ற் பற்றரி. அதன் இரண்டு முனைகளிலும் பொரிமாவைப் போல வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்திலிருந்த கடிகாரச் சில்லின், அதாவது நேரத்தைக் காக்கும் சிப்பின், பதினெட்டுக் கால்களில் ஐந்து, கோயில் குத்துவிளக்கின் அடியில் பிடிக்கும் களிம்பைப் போலப் பச்சையாகியிருந்தன. பலகையின் செப்புக் கோடுகள் மேற்பூச்சுக்கு உள்ளேயே கறுத்து ஓடியிருந்தன. கணினி இயங்கும்போதெல்லாம் மின்னேறி, அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பதே அந்தப் பற்றரியின் வேலை. வருடக்கணக்காக மின்னேற்ற ஆளில்லாமல் கிடந்ததால், உள்ளேயிருந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கசிந்து வந்துவிட்டது. கடலுக்குப் பயந்து பொலித்தீன் சுற்றிய மடையன், உள்ளே கிடந்ததை நினைக்கவில்லை.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்பதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எங்கள் லிட்மஸ் சேர் நினைவுக்கு வந்தார். காரத்தோடு அமிலம் சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டு, நீ எழுந்து நின்று சொன்ன பதிலும், அதற்குப் பிறகு ஒரு தவணை முழுவதும் உனக்கு நிலைத்த பட்டமும் நினைவிருக்கும். கசிந்தது காரம் என்பதால் அமிலமான வினாகிரியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினோம். சிறிது நுரைத்து அடங்கியது. முதலில் பற்றரியின் கால்களை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அதைச் செய்தோம். காரம் தின்ற ஈயம் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாமல் சாம்பலாகவே நின்றதால், அதைச் சுரண்டிப் புது ஈயம் வைத்து, அதோடு சேர்த்தே பழையதை இளக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் அலசி, அற்ககோலால் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். உப்புவெளியில் கருவாடு காய்கிற வெயில் என்பதால் அதில் குறையில்லை. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடுகள் அறுந்திருந்தன, அவற்றைத் தலைமயிர் போன்ற கம்பியால் இணைத்தோம்.

ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். 1991இல் அமீகா 500 பிளஸ் வந்தபோது, சின்னமாமா பழைய 500ஐ வாங்கி அனுப்பிவிட்டார் என்று ஒரு மாதம் மூக்கால் அழுதாயே, அந்தப் பிளஸ்ஸில் பற்றரி கணினியின் பிரதான பலகையான தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அது வந்திருந்தால் இன்று நான் உனக்கு இரங்கல் கடிதம்தான் எழுதிக்கொண்டிருப்பேன். உன் தாய்ப்பலகையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. சின்னமாமாவிடம் மன்னிப்புக் கேள்.

இனிச் சொல்லப்போவதற்கு நீ கோபிக்கலாம். கடிகாரச் சில்லுக்குத் துடிப்புக் கொடுக்கும் குவார்ட்ஸ் பளிங்கின் ஒரு கால் அரிபட்டு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அது செக்கனுக்கு 32,768 தடவை அதிர்வது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும் என்பதால், சாதாரணச் சுவர்க் கடிகாரத்துக்குள்ளும் அதே பளிங்குதான் இருக்கிறது. என் வீட்டில் ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் உண்டு. உன் அம்மா உன்னிடம் வந்தபோது எனக்குத் தந்துவிட்டுப் போனதும், பல்லுச்சில்லு உடைந்து நின்றுபோனதுமான உன் அப்பாவின் கடிகாரம் அது.

1996 மே 25இல் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, ஒக்ரோபர் 26இல் அரை மணி பின்னே இழுத்தார்களே, அப்போது அந்தக் கடிகாரத்தில் எவரையும் கைவைக்க விடாமல், "சூரியனுக்கு ஆர் தந்தி அடிச்சது?" என்று கேட்டபடி நின்றாரே, உன் அப்பா. அவருக்குப் பயந்து நீ அமீகாவையும் பழைய நேரத்திலேயே வைத்திருந்தாய். ரியூசனுக்கு நாம் பிந்திப்போன நாளெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் நாடே அவருடைய நேரத்துக்குத் திரும்பி வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை. அந்தக் கடிகாரத்தைத் திறந்து, அரிசிமணியைவிடச் சற்று நீளமான அந்த வெள்ளிக் குழாயை எடுக்கும்போது என் கை நடுங்கியதை மருமகன் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். நல்ல பிள்ளை.

புதிய பற்றரியாகச் சிஆர்2032 வில்லை வைத்திருக்கிறோம், பற்றவைக்காமல் கழற்றக்கூடிய கூட்டில். அது மின்னேற்றக்கூடாத லிதியம் என்பதாலும், பலகையோ பழைய பழக்கத்தில் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும் என்பதாலும், நடுவில் ஒரு டயோட் போட வேண்டியிருந்தது. இருவாயி என்று படித்தோமே, அதுதான், ஒருவழிப் பாதை. அதில் அரை வோல்ற்றுக்குச் சற்று மேலாக இழந்தாலும் பரவாயில்லை, இரண்டு வோல்ற் கிடைத்தாலே அந்தச் சில்லு நேரத்தைக் காத்துக்கொள்ளும்.

இன்று காலையில்தான் நேரம் வைத்தேன். சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே வைத்திருப்பது. அந்தக் காலத்து மென்பொருளிடம் 25 என்று கொடுத்துச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லாததால் 97 என்று கொடுத்தேன், இருபத்தெட்டு வருடத்துக்கு ஒருமுறை திகதியும் கிழமையும் அப்படியே திரும்பி வருவதால். ஆகவே உன் அமீகாவில் இன்று 1997 ஜூலை 12, சனிக்கிழமை. நீ போவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அணைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பிவந்து போட்டுப் பார்த்தேன், நிமிடம் பிசகவில்லை. சத்தம் மட்டும் அன்றுபோலவே நம் தொலைக்காட்சியில் வரவில்லை, ஊமைப் படம்தான்.

டிசம்பரில் வரும்போது இரட்டை அடர்த்தி பிளொப்பி டிஸ்க் ஒரு பெட்டி கிடைத்தால் கொண்டுவா; இங்கிருப்பவற்றில் பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. கடிகார விஷயத்தை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் துணிவில்லை. அவர் கோபித்தால் பளிங்கைக் கழற்றித் திரும்ப வைத்துவிடலாம் என்று மருமகன் சொல்கிறான்.

இப்படிக்கு,
கடைசி வாங்கு