தாலி முதலா, மனு முதலா?

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தோழி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். "எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுவிடு: மாப்பிள்ளை அங்கே குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா? கூச்சப்படாதே, நட்சத்திரப் பொருத்தத்தைவிட இது முக்கியம்.

கிரீன் கார்டுக்காரர் என்றால் வருங்கால மனைவிக்கான கே-1 விசாவுக்கு அவர் மனுப்போடவே முடியாது. கல்யாணத்தைப் பதிந்துவிட்டு, மனைவிக்கான ஐ-130 மனுப் போட்டு, எஃப்2ஏ என்ற கிரீன் கார்டுக்காரர் மனைவிகளுக்கான வரிசையில் நிற்க வேண்டும். அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் அவர்கள் தேதி வரும்வரை காத்திருப்புதான். நடுவில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தால் அந்த வரிசையே தேவையில்லை. சான்றிதழ் நகலை உடனே அனுப்பிவிட வேண்டும்.

குடியுரிமை உள்ளவர் என்றால் வழி இரண்டு. கே-1 வழியில் அவர் ஐ-129எஃப் மனுப் போடுவார். மனுப்போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வீடியோ கால் கணக்கில் வராது. போய் இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம். பிறகு ஐ-485 போட்டு கிரீன் கார்டுக்குக் காத்திருக்க வேண்டும். வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான். பயண அனுமதி வாங்காமல் உன்னைப் பார்க்கப் பினாங்குக்கு ஓடி வந்தாள் என்றால் அந்த விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும். இன்னொன்று, கே-1-இல் போனவள் மனுப்போட்டவரைத் தவிர வேறு யார் மூலமும் அங்கேயே கிரீன் கார்டு வாங்க முடியாது. பெண்ணைப் பெற்றவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

மற்றது, இங்கேயே கல்யாணத்தைப் பதிந்து ஐ-130. கல்யாணமாகி 2 வருடம் முடியுமுன் அங்கே நுழைந்தால் சிஆர்-1 விசா, 2 வருட கிரீன் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கச் சொல்லும் ஐ-751 மனுப் போட வேண்டும். 2 வருடம் தாண்டி நுழைந்தால் ஐஆர்-1, 10 வருட கார்டு. எதுவானாலும் இறங்கிய நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், வந்து போகலாம்.

செலவும் பார். 2024 ஏப்ரல் கட்டண மாற்றத்தின்படி கே-1-க்கு 675, விசாவுக்கு 265, ஐ-485-க்கு 1,440, ஆக 2,380 டாலர். ஐ-130-க்கு 675 (ஆன்லைனில் 625), பிறகு விசாவுக்கு 325, ஆதரவுப் பத்திரத்துக்கு 120, கார்டுக்கு 235, ஆக 1,355. மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. கட்டுமுன் புதிய பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் சறுக்குவது தாலியில்தான். சொந்தபந்தம் பார்க்க கோயிலில் தாலி கட்டிவிட்டு, "பதியவில்லையே, சட்டப்படி கல்யாணம் இல்லையே" என்று கே-1-க்குப் போவார்கள். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அமெரிக்கத் தூதரக நேர்காணலில் அந்தப் படங்களைப் பார்த்த அதிகாரிக்கு, இவள் வருங்கால மனைவியா, மனைவியா என்ற சந்தேகம் வரும். மனு திரும்பிப் போகலாம். மனைவி என்று காட்டவும் முடியாது, 1982 மார்ச் 1-க்குப் பிறகு இங்கே முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதியாமல் செல்லாது. இரண்டுங்கெட்டான் நிலை. அதனால் கே-1 என்றால் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்து. தாலி என்றால் அன்றே பதிவும் நடக்கட்டும். திருமணத் துணைப் பதிவாளர் இருக்கும் கோயிலாகப் பார். ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவுத் துறை) வழக்கமான முறையில் போனால் 7 நாள் அந்த வட்டாரத்தில் தங்கியிருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டி 21 நாள் ஆக வேண்டும். மாப்பிள்ளை லீவை அதற்குத் தக்கபடி போடச் சொல். என் ஓட்டு, இங்கேயே பதிந்துவிட்டுப் போகும் வழிக்குத்தான்.

பத்திரங்கள்: ஐ-130 போகும்போது மலாய்ச் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விசா கட்டத்தில் மலாய்ப் பத்திரம் அப்படியே செல்லும் என்பதால் பலர் முதல் கட்டத்திலும் விட்டுவிடுகிறார்கள். கேள்விக் கடிதம் வந்து மாதங்கள் வீணாகும். நன்னடத்தைச் சான்று விஸ்மா புத்ராவில், அதாவது வெளியுறவு அமைச்சில். 16 வயதுக்குப் பிறகு சிங்கப்பூரில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கேயும் ஒன்று. பிறப்புப் பத்திரம், ஐ.சி. (அடையாள அட்டை), பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா, 'இன்னாரின் மகள்' என்று குறிக்கும் 'ஏ/பி' உட்படப் பார்.

மனைவியைத் தாங்கும் வருமானம் இருக்கிறது என்று மாப்பிள்ளை கையெழுத்திடும் ஐ-864 ஆதரவுப் பத்திரத்துக்கு, 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பம் என்றால் வருட வருமானம் ஏறக்குறைய 26,437 டாலர் வேண்டியிருந்தது. குறைந்தால் அங்கே இருக்கும் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு விடாது என்பதைக் கையெழுத்திடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"சுற்றுலா விசாவில் போய் அங்கேயே கட்டிக்கொள்ளட்டுமே" என்று உன் மைத்துனர் சொன்னாராம். வேண்டாம் லா. தங்கும் எண்ணத்தை மறைத்து நுழைந்தது தெரிந்தால் வாழ்நாள் தடைவரை போகும்.

மாப்பிள்ளைக்குக் குடியுரிமையா கார்டா, மகள் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வந்தாளா, அங்கேயே தங்கினாளா, எத்தனை மாதம், இதை மட்டும் முதலில் எழுது. அடுத்த முறை கே.எல். வரும்போது பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஒரு பொட்டலம். போன தடவை மறந்துவிட்டாய்.

உன் பழைய பக்கத்து பெஞ்ச்காரி