சாதி மட்டும் மறக்கலயே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரியார், அம்பேத்கர் எல்லாம் அந்தக் காலம், இப்ப எதுக்குன்னு எங்க யாங்கூன் பிள்ளைங்க கேக்குறாங்க. 1954 டிசம்பர்ல உலக பௌத்த மாநாட்டுக்கு வந்தப்ப ரெண்டு பேரும் சந்திச்சுப் பேசினது இதே பர்மாவுலதான், அம்பேத்கர் புத்த மதத்துல சேரலாம் வாங்கன்னு கூப்பிட்டார், உள்ள இருந்தாதான் இந்து மதத்த தட்டிக்கேக்க முடியும்னு பெரியார் மறுத்துட்டார், அவரே பிறகு மேடையில சொன்ன விஷயம் இது.

போன மாசம் சொந்தக்காரப் பொண்ணுக்கு சம்பந்தம் பேச வந்தவங்க படிப்பு, வேலைன்னு நல்லாத்தான் பேசினாங்க, டீ குடிச்சு முடிச்சதும் மெதுவா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. தாத்தா எந்த ஊர்னே தெரியாத தலைமுறைங்க இது! 1965ல பள்ளிக்கூடங்கள பர்மா அரசாங்கம் எடுத்துக்கிட்டதுல தமிழ்ப் படிப்பு போச்சு, சாதி போகலயே. 1982 குடியுரிமைச் சட்டம் நம்மள சாதி பார்த்தா ஒதுக்குச்சு? எல்லாருக்கும் ஒரே குடியுரிமைக் கார்டு பிரச்சனைதான்.

சாதி, சடங்கு பார்க்காத சுயமரியாதைக் கல்யாணத்துக்கு அண்ணா 1967ல சட்டமே கொண்டு வந்தார். இதையெல்லாம் ஈஸியான தமிழ்ல, பெரிய எழுத்துல தொடரா போடுங்க ஐயா, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு நாங்க வாசிச்சுக் காட்டுறோம்.

யாங்கூன் வாசகர்