அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சூடானுக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. காணிக்கையாக வரும் ஒரு பூசணிக்காயும் ஒரு வாழைக்குலையும் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். அப்புறம் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனம். ஏலப் பணம் பெரும்பாலும் கோபுரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும்தான் போகிறது. இந்த வருஷம் அதில் ஒரு பங்கை, சூடானில் பட்டினி கிடப்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐ.நா. கணக்குப்படி 2024-ல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். அந்த எண்ணைக் கேட்டால் மலைப்புத்தான் வருகிறது. ஆனால் சூடானில் எல் ஃபாஷர் நகரம் முற்றுகையில் கிடந்தபோது ஜனங்கள் எதைத் தின்றார்கள் தெரியுமா? கடலைப் புண்ணாக்கு. நாம் மாட்டுத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிறோமே, அதேதான். அருகில், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் 2024 ஆகஸ்டிலேயே பஞ்சம் என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே மழை பொய்க்கவில்லை, 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் உணவு லாரிகளை மறிக்கிறது. உள்ளூர் வாலிபர்களே தெருத்தெருவாக அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றதும் அந்தச் சமையற்கூடங்களில் நூற்றுக்கணக்கானவை மூடப்பட்டன.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். திங்கட்கிழமை என்றால், சோறு வடிக்கும் முன்பே சில பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். சாம்பார் கொதிக்கிற அண்டாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் வீட்டில் சரியாகச் சாப்பிடாததற்கே அப்படி. மூடிய அடுப்புக்கு முன்னால் நிற்கிற பிள்ளையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நம்மூரிலேயே ஏழைகள் இல்லையா, அவ்வளவு தூரம் ஏன்?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், அவர்களுக்கும் செய்ய வேண்டும். ஆனால் தூரத்தைக் காரணம் சொல்லும் உரிமை திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், லண்டன் மேயர் திரட்டிய நிதிக்கு இங்கிலாந்தின் சாதாரண ஜனங்கள் காசு போட்டார்கள். இந்தியக் கோதுமை அந்த நாட்டுக்கே கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது, அந்த அநியாயத்தையும் மறக்கக் கூடாது. ஆனாலும் முகம் தெரியாத மனுஷர் தந்த காசு அது. இடையன்குடியில் மிஷனெரியாயிருந்த கால்டுவெல் ஐயர் பஞ்ச நிவாரண வேலை செய்தார். அன்று பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஏலம் கேட்கிறோம்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தில், பஞ்சம் வரப்போகிறது என்று கேட்டதும் அந்தியோகியா சபையார் அவரவர் திராணிக்குத்தக்கதாக யூதேயாவுக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். கட்டடம் என்று ஒன்றும் இல்லாத சபை அது.

சூடானில் பெரும்பாலோர் இஸ்லாமியர் என்று ஒருவர் என்னிடம் தயங்கினார். இயேசு சொன்ன கதையில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் ஜாதி கேட்கவில்லையே. சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சை நம் முன்னோர் நெடுங்காலம் சுமந்தார்கள். அதனால் நாம் கொடுப்பதில் எந்த நிபந்தனையும் இருக்கக் கூடாது.

பணத்தை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகளுக்குச் சட்டப்படி எப்படிச் சேர்ப்பது என்பதைத் சபைகளுக்கெல்லாம் மேலான திருமண்டல அலுவலகம் விசாரித்து, சில சபைகள் சேர்ந்த பிரிவுகளான சேகரங்களுக்குத் தெரிவிக்கலாம். எவ்வளவு போனது, யார் மூலம் போனது என்று ரசீதோடு கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். கமிட்டிக் கூட்டங்கள் பண்டிகைக்கு முன்பே நடப்பதால், இதை இந்த மாதமே தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தூத்துக்குடி மாவட்டம்.