பூப்போர்வை: ஞாயிறன்று முடிக்கிறோம்

எல்லாருக்கும் வணக்கம். பழைய புடவை, பாவாடை, பிள்ளைகளின் கவுன் என்று பூப்போட்ட துண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நம் போர்வைக்கு உள்தையல் முடிந்துவிட்டது. ஓரப்பட்டை மட்டும் பாக்கி. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பாம்பன் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுங்கள். அங்கன்வாடி டீச்சர் ஓய்வு பெறுவதற்குள் இது அவர் கைக்குப் போக வேண்டும். நம் பிள்ளைகளை வளர்த்தவர்.

1. ஓரப்பட்டைக்குப் பருத்தித் துணி, 2½ அங்குல அகலம். ஒரே நிறப் பச்சை இருந்தால் அதுவே போதும். இத்தனை பூக்களுக்கும் எடுப்பாக இருக்கும்.
2. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கம் ஓட்டுத்தையல், பின்பக்கம் மறைதையல். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, துணியை மடித்துத் திருப்புங்கள். அப்போதுதான் மூலை கூராக வரும். இங்கே அவசரம் வேண்டாம்.
3. ஊசியைத் துணியிலேயே விட்டுப் போகாதீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்தால் கறை போகாது.
4. கத்தரி, விரலுறை அவரவருடையது.

அப்புறம் துணி நகராமல் இருக்கத் தற்காலிகமாகப் போட்ட கச்சாத்தையல் நூலை உருவிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவோம். வெந்நீர் கூடாது, சிவப்புத் துண்டுகள் சாயம் விடலாம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். பச்சைத் துணி யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.