பெரியவர்களை மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்கு அருட்பணிப் பேரவையின் துணைத்தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பேரவைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். போன கூட்டத்தில் கொடிமரத்துக்கு எந்த நிறம் பூசுவது என்று பேசி முடிக்கவே இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. "மறைக்கல்விக் காரியத்த அடுத்த தடவ பாத்துக்கலாம் டீச்சர்" என்றார் செயலர். அதற்கு முந்தின கூட்டத்திலும் இதையேதான் சொன்னார். அதனால் நாலு பேர் பார்க்கும்படி எழுத வேண்டியதாயிற்று. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. இரண்டாம் திருப்பலி முடிந்து பிள்ளைகளிடம் மந்திரம், அதாவது மனப்பாடச் செபங்கள், கேட்ட அன்று, நம் பங்குப் பையனைக் கட்டிக்கொள்வதற்காகத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கத் தோவாளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்ணையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தினார்கள். நாம் நம்புவதைச் சொல்லும் செபமான விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். அவள் முறை வந்தது. "பொந்தியு பிலாத்து" என்ற இடத்தில் நாக்கு சிக்கி நின்றுவிட்டாள். ஒரு பையன் சிரித்தான், உடனே வரிசை முழுக்கச் சிரித்தது. அதை அடக்க வேண்டிய பெரிய மனுஷர், "கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, இதுகூடப் படிக்கலியா?" என்று மைக்கிலேயே கேட்டார். மாதா கெபிக்கு (குகைக்கு) பக்கத்தில் அவளுடைய அம்மா நின்றிருந்தார். மகள் எந்த மாதிரி இடத்துக்கு வாழப் போகிறாள் என்று பார்க்க வந்த தாய். நமக்கு வணக்கம் சொல்ல எடுத்த கையை அப்படியே இறக்கிக்கொண்டார்.

அவளுக்குத் திருமுழுக்கும் முடிந்து கல்யாணமும் முடிந்துவிட்டது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்காக இனி ஒன்றும் கேட்கவில்லை. இனி வருகிறவர்களுக்காகக் கேட்கிறேன்: திருமுழுக்குக்குத் தயாராகும் பெரியவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த வாரங்களில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் தெரியுமா? எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட குட்டைப் பெஞ்சில், சுவரோரமாக, காலை மடக்க இடமில்லாமல். "அக்கா, நீங்க பெயிலாயிட்டீங்களா?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்டதாம். அது சின்னப் பிள்ளை, அதன்மேல் குற்றமில்லை. ஆறு நாள் ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவள், ஏழாம் நாளும் இப்படி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இந்தப் பிலாத்து யாரு? சாமியக் கொன்னவர் பேர ஏன் தெனமும் செபத்துல சொல்லுதோம்?" நம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துச் சான்றிதழ் வாங்கின எந்தப் பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பிலாத்து யூதேயாவை ஆண்ட உரோமை அதிகாரி. இயேசு பாடுபட்டது ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில் நடந்த கதையல்ல, இன்ன ஆள் அதிகாரத்தில் இருந்தபோது நடந்தது என்று சொல்லத்தான் அந்தப் பெயர் விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது. பஸ் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். "இத வகுப்புலயே சொல்லியிருந்தா தடுமாறியிருக்க மாட்டேனே" என்றாள்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "சவேரியார் காலத்திலிருந்தே நமக்கு மனப்பாடம்தான்" என்று, இந்தக் கரைக்கு வந்து மறை பரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாரைச் சொல்லி, பேரவையில் ஒருவர் பேசினார். சரிதான். 1544-ஆம் ஆண்டுக் கடைசியில் நம் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கொச்சியிலிருந்து எழுதியிருக்கிறார். ஊர் ஊராகப் போய் செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, எழுதியும் வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். அவருக்கு இருந்தது ஒரு மாதமும் பத்தாயிரம் பேரும். நமக்கு இருந்தது மூன்று மாதமும் ஒரு பெண்ணும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனையோ பேர் கிறிஸ்தவர்களாகாமல் போகிறார்களே, பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பைத்தியக்காரனைப்போலக் கத்தலாமா என்று தோன்றுகிறது என்றும் அதே சவேரியார்தான் எழுதினார். நாம் பாரிஸ் வரை போக வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத தெரு ஒன்று காட்டுங்கள்.

திருச்சபை என்ன சொல்கிறது என்பது ஃபாதருக்குத் தெரியும். பேரவை உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். உலக ஆயர்கள் 1960-களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெரியவர்களுக்கான தயாரிப்பைப் படிப்படியாக நடத்தும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அதற்கான சடங்குமுறை 1972-இல் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் ஞாயிறு அவர்களைத் திருமுழுக்குக்குத் தேர்ந்துகொள்ளும் நாள். ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய மூன்று அருட்சாதனங்களும் சேர்ந்தே கிடைக்கும். மூன்றாண்டுச் சுற்றாக வரும் திருப்பலி வாசகங்களில் முதலாம் ஆண்டுக்கு உரியவற்றில் தவக்காலத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் என்று வரிசையாக வாசிக்கிறோமே, அது யாருக்காக? திருமுழுக்குக்குக் காத்திருப்பவர்களுக்காக. நம் கோயிலில் அந்த வாசகங்கள் வாசிக்கப்படுகின்றன. யாருக்காக வாசிக்கிறோமோ அவர்கள் மட்டும் இருப்பதில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், வேலைநாள் சாயங்காலம், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையும் ஞானப்பெற்றோரும் மட்டும் நிற்க முடித்து அனுப்பிவிடுகிறோம்.

"கல்யாணத்துக்கு மூணு மாசம்தானே இருக்கு, வேற என்ன செய்ய?" என்பீர்கள். திருமணத்துக்குத் திருமுழுக்கு கட்டாயமில்லை என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொன்னோமா? மத வேறுபாடு என்ற தடைக்கு ஆயர் விலக்குத் தரலாம். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுத்தால் போதும். கல்யாணம் நடக்கட்டும். அந்தப் பெண் நிதானமாகப் படித்து, மனசு வந்தால் இரண்டு வருடம் கழித்துத் திருமுழுக்கு வாங்கட்டும். போதிய அறிவும் சுய விருப்பமும் இல்லாத பெரியவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அவசரம் சட்டத்துக்கு இல்லை, மண்டபம் புக் பண்ணினவர்களுக்குத்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் நம்முடையது. மதம் மாறினாள் என்றால் இரண்டு ஊர் பேசும். ஏன் வந்தேன் என்று சொல்லத் தெரிந்தவள் தன் வீட்டாருக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வாள். தெரியாதவளுக்காக நாலு பேர் பதில் சொல்லக் கிளம்புவார்கள், அங்கேதான் வம்பு.

கல்யாணத்துக்காக இல்லாமல், தானாகவே தேடி வந்தவர் ஒருவரும் இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விடுவார், ஞாயிறு காலையில் வகுப்புக்கு வர முடியாது. சாயங்காலம் சொல்லித் தருவீர்களா என்று கேட்டுச் சில மாதம் அலைந்தார். நாம் ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தோம். இப்போது பக்கத்து ஜெப வீட்டில் கையில் விவிலியத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வாரா வாரம் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து வாசித்துக் காட்டினார்களாம். பிரிவினைச் சபைகள் நம் ஆடுகளைத் திருடுகின்றன என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிவம்தான் ஞாபகம் வருகிறது.

திருவிழாவுக்குப் பத்து நாள் சீரியல் செட், சிங்காரி மேளம், வாணவேடிக்கை. கணக்கு வாசிக்கும்போது கைதட்டுகிறோம். மறைக்கல்விக்கு என்று வாசித்த தொகையில் பாதி ஆண்டு விழாப் பரிசுகளுக்கு, அதாவது நடனப் போட்டிக்கு. விவிலியத்தைத் திறந்து மாற்கு எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாத பிள்ளை குழு நடனத்தில் முதல் பரிசு வாங்கி எவர்சில்வர் தட்டோடு வீட்டுக்குப் போகிறது. உறுதிபூசுதல் முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளையைக் கோயிலில் தேடினால் டியூஷனில் இருக்கும். பெற்றோரைக் கேட்டால் "பத்தாங்கிளாஸ்ல, டீச்சர்" என்பார்கள். திருச்சபை முதல் பொறுப்பைப் பெற்றோர் தலையில்தான் வைத்திருக்கிறது. அவர்களோ நம்மிடம் ஒப்படைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். நாம் புத்தகத்திடம் ஒப்படைத்துவிட்டோம். இதற்கு ஒரு தனி மடல் வேண்டும், இப்போதைக்கு விடுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு.

ஆண்டுக்கொருமுறை, புனித தேவசகாயம் உயிர்விட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கு பஸ் பிடித்துப் போகிறோம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, உதயகிரிக் கோட்டையிலிருந்த டச்சுத் தளபதி டிலனாயிடம், துன்பத்திலும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைக் கேட்டு, வடக்கன்குளம் போய் 1745 மே 14 அன்று திருமுழுக்கு வாங்கித் தேவசகாயம் ஆனபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கேள்வி கேட்டு, பதில் கேட்டு, யோசித்து வந்த மனிதர். 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நாம் வெடி போட்டோம். அவர் இன்று நம் பங்குக்கு வந்தால் மூன்றாம் வகுப்புப் பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் பார்த்துக் கொடுப்போம் போல.

கோபத்தில் சொல்லிவிட்டேன். திருப்பிப் பணிவாகவே கேட்கிறேன். அன்பியக் கூட்டம் (தெருவாரியான செபக்குழு) இல்லாத புதன்கிழமை இரவு ஏழு மணி. அலுவலகத்துக்கு மேலே இருக்கிற அறை, பெரியவர்கள் உட்காரும் நாற்காலி, ஆளுக்கொரு விவிலியம். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரம்தான். வாரத்துக்கு ஒன்று என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். கேள்வி கேட்டால் "அதெல்லாம் போகப்போகப் புரியும்" என்று சொல்லாத ஓர் ஆள். ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்தால் போதும். யாரும் கிடைக்காவிட்டால் நான் எடுக்கிறேன், ஆனால் மறைமாவட்டம் நடத்தும் பயிற்சிக்கு முதலில் என்னை அனுப்புங்கள். செலவு என்று பார்த்தால் ஒரு நாள் வாணவேடிக்கையில் ஒரு மூலைகூட ஆகாது.

ஓலை வாசிக்க, அதாவது கோயிலில் திருமண அறிவிப்புச் செய்ய, வேண்டிய இன்னொரு ஜோடி வரிசையில் இருக்கிறது. அந்தப் பெண் வருகிற ஞாயிறு வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளை எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருத்தி