கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற பையன்: சிறுவர் கதைப்போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கதைப்போட்டிகளுக்கு நடுவர்களாக உட்காரும் தமிழாசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையோரக் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசிப்பவன் நான். எங்களிடம் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன வருடம் ஒரு போட்டிக்குக் கதை எழுதினாள். அது எந்தப் போட்டி, எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லப்போவதில்லை. நோட்டைக் கொடுத்தனுப்பும் முன்பு எங்கள் முன்னால் முழுசாக வாசித்துக் காட்டினாள். அதனால்தான் அந்தக் கதை எனக்குத் தெரியும்.

கதையில் மூன்று நாளாக மழை. ரப்பர் வெட்டு இல்லை, அப்பாவுக்குக் கூலியும் இல்லை. இரண்டு மழைக்காலமும் முழுசாகப் பெய்கிற நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நாலாம் நாள் விடியும் முன் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். போவது பக்கத்துத் தோட்டத்துக்கு. மரத்தில் கட்டிய சிரட்டைகளில் உறைந்து கிடக்கும் ரப்பர் பாலை, அதாவது ஒட்டுப்பாலை, பிடுங்கிச் சாக்கில் போடுகிறார். பையன் டார்ச் பிடிக்கிறான். பிறகு அவனும் பிடுங்குகிறான். ஒட்டுப்பாலின் நாற்றம் உங்களில் பலருக்குத் தெரியும். சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. அன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருகிறான்.

அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுவது ஓர் அக்கா. காலையில் அந்தப் பக்கமாகப் போனால் பையனுக்குக் கட்டன்சாயா ஊற்றிக் கொடுப்பவள். ஒட்டுப்பாலை அவள்தான் விற்றுவிட்டாள் என்று முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார். சாயங்காலம் அவள் பையனின் வீட்டு முற்றத்துக்கு வந்து, "மக்களே, நீ அந்த வழியாத்தானே போவ. ஆரையாவது பாத்தியா?" என்று கேட்கிறாள். அப்பா உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். பையன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

அவ்வளவுதான் கதை. அவள் வாசித்து முடித்ததும் எங்கள் பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னவன் மட்டும் தன் கையை மோந்து பார்த்தான்.

பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, பரிசு யாருக்கும் போகலாம். பரிசளிப்பு நாளில் நடுவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, கதைக்கு முடிவு இல்லை, நீதியும் இல்லை, அப்பா திருந்துகிற மாதிரி முடித்திருந்தால் முதல் பரிசே வந்திருக்கும் என்றாராம். 'தந்தை சொல் மிக்க மந்திரமில்லை' என்று படித்த பிள்ளை இப்படி எழுதலாமா என்றும் கேட்டாராம். மறுவாரம் பள்ளியிலிருந்து அவளுடைய அப்பாவுக்கு ஆள் போயிற்று. அவர் பால் வெட்டுகிறவர். "உம்ம மோள் எழுதியிருக்கியதப் பாத்தீரா?" என்று நாலு பேர் இருக்கும்போது கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருக்கிறாள்.

நடுவர்களே, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் பெற்றோரை மதிக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதையை இன்னொரு தடவை பாருங்கள். அந்தப் பையனுக்கு அப்பாவைப் பிடிக்காது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. பிடிக்கும் என்பதால்தான் வாய் வரவில்லை. அக்காவையும் பிடிக்கும், அதனால்தான் கை பின்னால் போகிறது. இரண்டு பாசமும் ஒரே உடம்பில் கிடந்து இழுக்கிற இழுப்பைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு கையை வைத்துக் காட்டிவிட்டாள். நமக்கு அது நீதியாகத் தெரியவில்லையா?

என் ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்கிறேன். பலசரக்குக் கடைக்காரர் பாக்கி கேட்டு வீட்டுக்கு வந்தார். "அப்பா இல்லேன்னு சொல்லு மக்களே" என்றாள் அம்மா. சொன்னேன். அப்பாவின் செருப்பு நடையில் கிடந்தது. அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். அவருடைய மகன் என் வகுப்பு. அந்த வருடம் முழுக்க நான் அந்தக் கடை வழியாகப் போகவில்லை, வயல் வரப்பில் சுற்றித்தான் பள்ளிக்குப் போனேன். இதை அன்று யாரிடமும் சொல்ல எனக்கு வழியில்லை. நான் படித்த கதைகளில் பிள்ளைகள் உண்மை பேசினார்கள், உடனே எல்லாரும் பாராட்டினார்கள். என்னைப் போல வரப்பில் சுற்றிப் போன ஒரு பிள்ளையையும் அவற்றில் நான் பார்க்கவில்லை.

சட்டம்கூட இந்த இடத்தில் பிள்ளைக்குத் துணை இல்லை. பத்மநாபபுரத்தில் வக்கீலாக இருக்கும் என் மச்சினனிடம் கேட்டேன். மண வாழ்வில் கணவன் மனைவியிடம் சொன்னதை வெளியிடும்படி அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அப்பன் மகனிடம் சொன்னதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை சாட்சிதான். அப்படிக் கூண்டில் ஏறக்கூடிய ஒரு பிள்ளையின் மனசுக்குள் போய்ப் பார்க்கக் கதையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் எழுதி 1939-இல் வெளியான 'பார்ன் பர்னிங்' என்ற சிறுகதையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதில் வரும் பையனுக்குப் பத்து வயது. நிலத்துக்காரர்களின் தானியக் கொட்டகைக்குத் தீ வைப்பது அப்பனின் குணம். வழக்கு ஒரு கடையில் நடக்கிறது. பாலாடைக்கட்டி வாசம் அடிக்கும் அந்தக் கடையில் பையனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பனுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் நீ சொல்லத்தான் பார்த்தாய் என்று அன்று ராத்திரி அப்பன் அவனை அடிக்கிறான். சொந்த ரத்தத்தோடு நிற்கக் கற்றுக்கொள் என்கிறான். அடுத்த ஊரிலும் அப்பன் எண்ணெயை எடுக்கும்போது, பிடித்து வைத்திருக்கும் தாயிடமிருந்து திமிறிக்கொண்டு ஓடிப் பையன் நிலத்துக்காரரை எச்சரிக்கிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அப்பன் செத்தானா பிழைத்தானா, கதை சொல்வதில்லை. காட்டிக்கொடுத்த பிறகும் அந்தப் பையன் இருட்டில் உட்கார்ந்து, என் அப்பா வீரர், போருக்குப் போனவர் என்று சொல்லி அழுகிறான். பொழுது விடியும்போது திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடக்கிறான். அப்பன் திருந்தவில்லை, மகனை யாரும் பாராட்டவும் இல்லை. அந்த வருடம் அங்கே சிறுகதைக்குக் கொடுக்கிற ஓ. ஹென்றி முதல் பரிசு இந்தக் கதைக்குத்தான். அங்கேயும் நடுவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவுக்குப் போவானேன், நம் கோயில் கொடைகளில் ஆடின தோல்பாவைக்கூத்தில் விபீஷணனையும் கும்பகர்ணனையும் எத்தனை தலைமுறை பார்த்திருக்கிறது! அண்ணன் செய்வது தப்பு என்று இருவருக்கும் தெரியும். ஒருவன் விட்டுப் போகிறான், ஒருவன் கூட இருந்து சாகிறான். கம்பன் இருவரையும் போர்க்களத்தில் எதிரெதிரே நிறுத்திப் பேச வைத்தான், ஒருவனையும் சிறுமைப்படுத்தவில்லை. பாரதத்தில் விகர்ணன் இருக்கிறான். திரௌபதிக்கு நடப்பது அநியாயம் என்று சபையில் எழுந்து சொன்ன கௌரவன், பிறகு அதே துரியோதனனுக்காகப் போரிட்டு வீமன் கையால் மடிந்தான். இவர்களையெல்லாம் வைத்துக்கொண்டாடும் நாம் ஒரு வெட்டுக்காரரின் மகனுக்கு மட்டும் 'முடிவு இல்லை' என்று எழுதுகிறோம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது, ஏறத்தாழ 92 விழுக்காடு. எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்கள் பார்த்ததை எழுத இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மதிப்பெண் தாளில் 'நீதிக்கருத்து' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். கதையைப் படித்து, இது அந்தப் பிள்ளையின் வீட்டில் நடப்பதாக இருக்குமோ என்று பயம் வந்தால், அவள் நம்புகிற ஒரு டீச்சரை விட்டுத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். ஆபத்து என்று பட்டால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அது வேறு வேலை, அவசியமான வேலை. அதற்காக அப்பனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால், கதையில் அந்தப் பையன் நின்ற முற்றத்திலேயே அவளையும் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

ஒரு காரியம் கடைசியாக. போன மாதம் அவளுடைய அப்பா என் வீட்டுக்கு வந்தார். பால் வெட்டி முடித்து நேரே வந்திருந்தார், சட்டையில் பால் காய்ந்து கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாரே, நான் களவாணி இல்ல கேட்டியளா" என்றார். தெரியும் என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டு, "பிள்ள என்னதான் எழுதியிருக்குன்னு எனக்கு ஒருக்க வாசிக்கணும்" என்றார்.

என்னிடம் இல்லை, அவளிடமும் இல்லை. படி எடுக்காமல் நோட்டையே அனுப்பிவிட்டாள். பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, நடுவில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கும். உங்களில் யாருடைய அலமாரியிலோ இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள், அவர் வாசிக்கக் காத்திருக்கிறார்.